பயனருக்கு எளிதான இணையத்தளமும் செயலியும்: திட்டமிடல் முதல் வெளியீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் பலகாரக் கடை நடத்துபவர், ஈசூனில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுப்பவர், கோயில் விழாவுக்குத் தொண்டூழியர்களைத் திரட்டுபவர் ஆகிய மூவரும் வடிவமைப்பாளரிடம் இன்று ஒரே வேண்டுகோளுடன் வருகிறார்கள்: "எங்களுக்கு ஒரு செயலி வேண்டும்." அடுத்த பேச்சு பெரும்பாலும் நிறத்தைப் பற்றியோ சின்னத்தைப் பற்றியோ இருக்கும். ஆனால் ஒரு செயலி எளிதாக இருப்பதற்கும் எரிச்சலூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, அது பயனரிடம் எதையெல்லாம் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதில்தான் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அந்த முடிவுகளை எந்த வரிசையில் எடுக்கலாம் என்பதை, தீபாவளிக் காலத்தில் முன்பதிவு வாங்கும் ஒரு பலகாரக் கடையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இங்கே பார்க்கலாம். துணைப்பாட வகுப்பானாலும் கோயிலானாலும் படிகள் மாறுவதில்லை.

படி 1: ஏற்கெனவே நடக்கும் வேலையைக் கவனித்தல்

செயலி இல்லாத காலத்திலும் அந்த வேலை எப்படியோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. பலகாரக் கடையில் அது கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் கோடு போட்ட நோட்டில் நடக்கிறது. தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்த நோட்டைப் புரட்டினால், "புக்கிட் பாத்தோக் அக்கா, அதிரசம் 50, கைமுறுக்கு 2 கிலோ, செவ்வாய் சாயந்தரம்" என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதில் 50 அடிக்கப்பட்டு மேலே 80 எழுதப்பட்டிருக்கும். ஓரத்தில், பணம் வந்துவிட்டது என்பதற்கு ஒரு சரி அடையாளம் இருக்கும்.

இந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தாலே வடிவமைப்பின் பாதி கிடைத்துவிடுகிறது. யார், என்ன, எவ்வளவு, எப்போது, பணம் வந்ததா என்ற ஐந்து தகவல்களை மட்டுமே வைத்துக்கொண்டு கடை இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறது. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. பிறந்த தேதியை யாரும் கேட்கவில்லை. அடித்துத் திருத்திய எண்கள் பக்கத்துக்குப் பக்கம் இருப்பதால், முன்பதிவு செய்வதைப் போலவே செய்த முன்பதிவை மாற்றுவதும் வாடிக்கையாளர்களின் முக்கியத் தேவை என்பது தெரிகிறது. செயலியில் இதற்கு ஓர் எளிய வழி இல்லாவிட்டால், கடையின் தொலைபேசி முன்போலவே ஓயாமல் ஒலிக்கும்.

நோட்டைப் பார்த்த பிறகே ஆட்களிடம் பேச வேண்டும். "இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால், நம்மவர்கள் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள், "நிச்சயமா தம்பி" என்றே சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. "போன தீபாவளிக்குப் பலகாரம் வாங்கியபோது முதலில் என்ன செய்தீர்கள்? யாருக்கு அழைத்தீர்கள்? எங்கே சிக்கல் வந்தது?" என்று நடந்ததைக் கேளுங்கள். எம்ஆர்டியில் நின்றபடி அம்மாவுக்காக ஆர்டர் கொடுக்கும் மகள், தமிழில் மட்டும் வசதியாகப் படிக்கும் மூத்தவர், ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து தங்குவிடுதி நண்பர்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து வாங்கும் ஊழியர் ஆகிய மூன்று வகையினரிடமாவது பேசிவிட வேண்டும். நான்காவது பயனர் கடைக்குள்ளேயே இருக்கிறார். கல்லாவில் நின்று ஆர்டர்களைப் பார்க்கப்போகும் அவரைத்தான் திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

படி 2: எல்லையை வகுத்தல், செயலியா, இணையத்தளமா

கவனித்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: "வாடிக்கையாளர் கடைக்கு அழைக்காமலேயே முன்பதிவு செய்யவும், அதை மாற்றவும், பணம் செலுத்தவும் முடிய வேண்டும்." இந்த வாக்கியத்துக்குள் வராத எதுவும் முதல் பதிப்பில் இடம்பெற வேண்டாம். புள்ளித் திட்டம், சமையல் குறிப்பு, நண்பர்களைப் பரிந்துரைக்கும் வசதி எல்லாம் காத்திருக்கலாம்.

செயலியா இணையத்தளமா என்ற கேள்விக்கு என் விடை பெரும்பாலும் இணையத்தளம்தான். ஆண்டுக்கு ஓரிரு முறை வாங்கும் கடைக்காக யாரும் தங்கள் திறன்பேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லாவில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை வருடியவுடன் திறக்கும் பக்கம் போதுமானது. செலவும் குறையும்: ஆப்பிள் நிறுவனம் மேம்பாட்டாளர் கணக்குக்கு ஆண்டுதோறும் 99 அமெரிக்க டாலரும், கூகல் ஒரே முறையாக 25 டாலரும் வாங்குகின்றன, அதற்கு மேல், இரண்டு தளங்களுக்கும் தனித்தனியாகப் புதுப்பிப்பு, சோதனை, ஒப்புதல் எல்லாம் இருக்கின்றன. அன்றாடம் பயன்படுவது, இணைய இணைப்பு இல்லாமலும் இயங்க வேண்டியது, அடிக்கடி அறிவிப்பு அனுப்ப வேண்டியது ஆகியவற்றுக்குத்தான் தனிச் செயலி பொருந்தும்.

படி 3: தாளில் ஓட்டத்தை வரைதல்

கணினியைத் திறப்பதற்கு முன் தாளில் கட்டங்கள் வரையுங்கள். பலகாரப் பட்டியல், அளவு, நாளும் நேரமும், பெயரும் எண்ணும், பணம், உறுதிப்பாடு என்று நம் கடைக்கு ஆறு கட்டங்கள் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே, "எதுவும் தேர்ந்தெடுக்காதபோது என்ன தெரியும்? இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? அதிரசம் தீர்ந்துவிட்டால்?" என்று எழுதி விடையும் எழுதுங்கள். எல்லாம் சரியாக நடக்கும்போது திரை எப்படி இருக்கும் என்பதை எவரும் வரைந்துவிடுவார்கள். மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதாமல் நிரலாளரிடம் கொடுத்தால், அவர் தமக்குத் தோன்றியதைச் செய்வார். ஃபிக்மா போன்ற வரைகருவிகளை எடுப்பது இதற்குப் பிறகுதான்.

படி 4: படிவம்

இங்கே நிதானமாக நின்று பேச வேண்டும். பயனர் பாதியில் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் படிவத்தில்தான். சிங்கப்பூருக்கென்றே உள்ள சிக்கல்களும் வசதிகளும் இங்கேதான் குவிந்திருக்கின்றன.

பெயரிலிருந்து தொடங்கலாம். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டங்களை வைக்கும் படிவம் தமிழரைத் திணறடிக்கும். நம் அடையாள அட்டைகளில் சொந்தப் பெயருக்குப் பின்னால் எஸ்/ஓ அல்லது டி/ஓ, அதன் பின்னால் தந்தை பெயர் என்றிருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சாய்வுக்கோட்டை ஏற்க மறுக்கும் படிவங்களும் உண்டு. "பெயர்" என்று ஒரே ஒரு கட்டம் வையுங்கள், எந்தக் குறியையும் தடுக்காதீர்கள். பலகாரக் கடைக்கு "உங்களை எப்படி அழைப்பது?" என்று கேட்டாலே போதும்.

முகவரியில் சிங்கப்பூர் நமக்கு ஒரு பெரிய வசதியைத் தருகிறது. 1995ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இங்கே கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்கு ஒரு குறியீடு. ஆகவே குறியீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் தேடல் சேவை வழியாக புளோக் எண்ணையும் சாலைப் பெயரையும் தானாக நிரப்பிவிடலாம். பயனர் தட்ட வேண்டியது #05-123 என்பதுபோன்ற வீட்டு எண் மட்டுமே. கடைக்கே வந்து எடுத்துக்கொள்பவரிடம் முகவரியையே கேட்கத் தேவையில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

தொலைபேசி எண்ணுக்கு எட்டு இலக்கம். இடையில் இடைவெளி விட்டோ முன்னால் +65 சேர்த்தோ எழுதினால் பிழை என்று சிவப்பு எழுத்தில் கத்தாமல், கணினியே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தைத் தொட்டதும் எண் விசைப்பலகை தோன்ற வேண்டும். இது ஒரு வரி நிரல்தான். ஆனாலும் பல தளங்களில் அது இல்லை.

அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட வழிகாட்டி நெறிகள், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்கின்றன. 2019 செப்டம்பர் 1 முதல் அவை நடப்பில் உள்ளன. வங்கி, காப்புறுதி போன்று உண்மையாகவே தேவைப்படும் துறைகளில், பயனரின் ஒப்புதலுடன் விவரங்களை நிரப்பித் தரும் மைஇன்ஃபோ சேவை, அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாள வசதியான சிங்பாஸ் வழியாகக் கிடைக்கிறது. அதிரசம் வாங்குவதற்கு அது வேண்டியதில்லை. அதேபோல, கணக்குத் தொடங்கி மறைச்சொல் அமைத்தால்தான் ஆர்டர் செய்யலாம் என்ற நிபந்தனையும் வேண்டாம். தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும், ஒருமுறை மட்டுமே செல்லும் மறை எண்ணைக் கொண்டு முன்பதிவைத் திறந்து மாற்ற முடிந்தால் போதும்.

பணம் செலுத்துமிடத்தில் பலரும் கவனிக்காத ஓர் இடறல் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்ப உதவும் பேநவ் சேவையின் கியூஆர் குறியீட்டைத் திரையில் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் திறன்பேசியில் ஆர்டர் செய்பவர், தம் கையிலுள்ள திரையைத் தம் கையிலுள்ள கேமராவாலேயே எப்படி வருடுவார்? குறியீட்டைப் படமாகச் சேமிக்க ஒரு பொத்தான், நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னையும் தொகையையும் தொட்டவுடன் நகலெடுக்க ஒரு பொத்தான், "சேமித்த படத்தை உங்கள் வங்கிச் செயலியில் திறக்கவும்" என்று ஒரு வரி ஆகிய மூன்றும் அங்கே இருக்க வேண்டும். வங்கிச் செயலிக்குப் போய்விட்டுத் திரும்பும் நேரத்தில் நம் பக்கம் மறுபடி ஏற்றப்பட்டு எல்லாம் காலியாகிவிடக் கூடாது. தட்டியவை அப்படியே நிற்கின்றனவா என்பதை ஒரு பழைய ஆண்ட்ராய்டு பேசியில் சோதித்துப் பாருங்கள்.

உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தியில் இணைப்பு வைக்காதீர்கள். மோசடிக் குறுஞ்செய்திகளால் பலர் சேமிப்பை இழந்ததைத் தொடர்ந்து, 2022 ஜனவரியில் இங்குள்ள வங்கிகள் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலிருந்தும் மின்னஞ்சல்களிலிருந்தும் சொடுக்கக்கூடிய இணைப்புகளை நீக்க வேண்டியதாயிற்று. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று அன்று முதல் மக்களுக்கு ஓயாமல் சொல்லப்பட்டு வருகிறது; நம் செயலி அந்த நல்ல பழக்கத்தைக் கெடுக்கலாகாது. ஆர்டர் எண், நாள், தொகை ஆகியவற்றை மட்டும் அனுப்பலாம். எண்ணுக்குப் பதிலாகக் கடையின் பெயரில் செய்தி போக வேண்டுமென்றால், குறுஞ்செய்தி அனுப்புநர் பதிவகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதியாத பெயர்களில் வரும் செய்திகளுக்கு 2023 ஜனவரி இறுதியிலிருந்து மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரை குத்தப்படுகிறது.

பிழைச் செய்திக்கு ஒரே விதிதான்: எந்தக் கட்டத்தில் பிழையோ அதற்குக் கீழே, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். "தவறான உள்ளீடு" என்பது யாருக்கும் உதவாது, "அஞ்சல் குறியீட்டில் ஆறு இலக்கங்கள் இருக்க வேண்டும், ஐந்துதான் உள்ளன" என்பது உதவும்.

படி 5: தமிழை முதலிலேயே சேர்த்தல்

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் தமிழாக்கத்துக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. தமிழ் இணையத்தின் தொடக்கக்கால முயற்சிகள் நடந்த ஊர்களில் ஒன்றில், தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றோர் 1990களிலேயே தமிழை வலைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட இடத்தில், தமிழ்ப் பொத்தானில் எழுத்துகள் பாதியில் அறுந்து நிற்பதைப் பார்ப்பது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிடப் பெரும்பாலும் நீளமானவை. எனவே பொத்தானின் அகலத்தை நிலையாக வைக்காமல், எழுத்து இரண்டாம் வரிக்கு மடங்க இடம் விடுங்கள். மேலும் கீழும் குறிகள் வருவதால் வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். வடிவமைப்பை வரையும்போதே நீளமான தமிழ்ச் சொற்களை இட்டுப் பார்த்தால் இந்தச் சிக்கல்கள் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நிரலாளரிடம் விளக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. "கிருஷ்ணமூர்த்தி" என்ற பெயரில் நம் கணக்குப்படி எட்டு எழுத்துகள். கணினி எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு முறை, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால், அதன் கணக்கில் பதினைந்து குறியீடுகள். பெயருக்குப் பன்னிரண்டு என்று வரம்பு வைத்தால் அவருடைய பெயர் நடுவில் அறுபடும். அறுபடும் இடத்தில் புள்ளி கழன்று வேறு எழுத்தாகவும் மாறலாம். "கொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம், மூன்றாகவும் வைக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடலில் ஒன்றையொன்று கண்டுகொள்ளா. உள்ளே வரும் உரையை, இப்படிப்பட்ட வேறுபாடுகளை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்துக்கு உட்படுத்திய பிறகே சேமிக்க வேண்டும். குறுஞ்செய்தியிலும் இதேபோன்ற சங்கதி உண்டு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறியீடுகள், தமிழில் 70 மட்டுமே. உறுதிப்படுத்தும் செய்தி நீண்டால் இரண்டு, மூன்று செய்திகளுக்கான கட்டணம் விழும்.

மொழி மாற்றும் பொத்தானில் "தமிழ்" என்று தமிழிலேயே எழுதுங்கள். கொடிப் படம் வேண்டாம். பாதிப் படிவத்தில் மொழியை மாற்றினால் அதே இடத்தில், தட்டியவை அழியாமல் தொடர வேண்டும். தேடலில் "அதிரசம்" என்று தமிழிலும் ஆங்கில எழுத்துகளில் பலவிதமாகவும் தட்டுவார்கள்; எல்லாவற்றுக்கும் விடை வர வேண்டும்.

படி 6: கண், விரல், வேகம்

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உடற்குறையுள்ளோரும் எளிதாகப் பயன்படுத்துவதற்காக வகுத்த அணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வெளிவந்தது. அதிலிருந்து நமக்கு உடனே வேண்டியவை சிலவே. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற அளவிலாவது நிற வேறுபாடு இருக்க வேண்டும். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து தீபாவளி விளம்பரத்துக்கு அழகாக இருக்கலாம், வெயிலில் நின்று படிக்க முடியாது. தொடும் பொத்தானுக்கு அந்நெறி கேட்கும் குறைந்தபட்சம் 24 பிக்சல். ஆப்பிள் 44 புள்ளிகளையும் கூகல் 48 அலகுகளையும் பரிந்துரைக்கின்றன, அவற்றையே பின்பற்றுங்கள். அதிரசத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைக்கும் இரண்டு பொத்தான்களும் ஒட்டிக்கொண்டு நின்றால் மூத்தவர்களின் விரல் மாறிப் படும். முக்கியப் பொத்தான் திரையின் கீழ்ப்பகுதியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது.

வேகத்துக்குக் கூகல் வகுத்த அளவுகோல்கள் வசதியானவை: பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும், தொடுதலுக்கு 200 மில்லிவினாடிக்குள் திரை அசைய வேண்டும். பலகாரப் படங்களைச் சுருக்காமல் ஏற்றுவதே பெரும்பாலும் முதல் குற்றவாளி. முன்கட்டண அட்டையில் தரவை எண்ணிச் செலவழிக்கும் ஊழியருக்கு ஒவ்வொரு படமும் காசு.

படி 7: ஐந்து பேருடன் சோதித்தல்

சில பயனர்களே பெரும்பாலான சிக்கல்களைக் காட்டிவிடுவார்கள் என்பதை, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் கணித முறையில் விளக்கினர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து பேர் என்ற நடைமுறை அதிலிருந்து வந்தது. ஐந்து பேருடன் சோதித்து, திருத்தி, வேறு ஐந்து பேருடன் மறுபடி சோதிப்பது, பதினைந்து பேரை ஒரே நாளில் அழைப்பதைவிடப் பயனுள்ளது.

சமூக மன்றத்திலோ கடை வாசலிலோ உட்கார்ந்து செய்யலாம். "அக்கா, உங்கள் சித்திக்கு முப்பது அதிரசம் வியாழக்கிழமை மாலை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதில் ஆர்டர் செய்து காட்டுங்கள். சோதிப்பது இந்தப் பக்கத்தை, உங்களை இல்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கடினம். அவர் தடுமாறும்போது "கீழே பாருங்கள் அக்கா" என்று உதவ மனம் துடிக்கும். உதவினால் அந்தச் சோதனை வீண். விரல் எங்கே தயங்கி நிற்கிறது, எதை இரண்டு முறை படிக்கிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு முன்பதிவை முப்பதிலிருந்து நாற்பதாக மாற்றச் சொல்லுங்கள். நோட்டில் அடித்துத் திருத்திய எண்கள் நினைவிருக்கும்.

படி 8: கடைக்காரரின் திரையும் வெளியீடும்

அடுப்படிக்கு ஆர்டர் பட்டியல் தேவையில்லை. வியாழனுக்கு மொத்தம் எத்தனை அதிரசம், எத்தனை கிலோ முறுக்கு என்ற கூட்டுத்தொகைதான் தேவை. கல்லாவுக்கு வேண்டியது வேறு: பெயரையோ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ தட்டினால் ஆர்டர் வர வேண்டும், பணம் வந்ததா என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நெய் விலை ஏறினால் பலகார விலையை மாற்றவும், அதிரசம் தீர்ந்துவிட்டது என்று மூடவும் கடைக்காரரால் நிரலாளரை அழைக்காமலேயே முடிய வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்துக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது இந்தத் திரைக்கு ஒதுக்குங்கள்.

வெளியீட்டை தீபாவளி நெருக்கடியில் வைக்காமல் இரண்டு மாதங்கள் முன்னதாக, வழக்கமான வாடிக்கையாளர் சிலருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். முதல் பருவத்தில் நோட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எந்தக் கட்டத்தில் விட்டார்கள், "என் ஆர்டர் வந்ததா?" என்று கேட்டு எத்தனை அழைப்புகள் வந்தன என்ற மூன்றையும் வாரந்தோறும் பாருங்கள். மூன்றாவது எண் குறையாவிட்டால் உறுதிப்பாட்டுத் திரையைத் திருத்த வேண்டும்.

சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரையாவது நியமிக்க வேண்டும். சிறிய கடையில் அது உரிமையாளராகவே இருக்கலாம். தேவை முடிந்த தரவை வைத்திருக்கவும் கூடாது. தீபாவளி முடிந்து, பணம் திருப்பித் தரும் பேச்சுகளும் அடங்கிய பிறகு, எந்தப் பலகாரம் எந்த நாளில் எவ்வளவு போனது என்ற தொகையை அடுத்த ஆண்டுக்காக வைத்துக்கொண்டு, வீட்டு முகவரிகளை நீக்கிவிடுங்கள். தொலைபேசி எண்ணை அடுத்த ஆண்டு நினைவூட்டலுக்காக வைத்திருக்க விரும்பினால், ஆர்டர் செய்யும்போதே அதற்குத் தனியாக ஒப்புதல் கேளுங்கள். அந்தக் கட்டம் முன்கூட்டியே குறியிடப்படாமல் காலியாக இருக்கட்டும்.